சிலேட்டுக் கல்லில் ஒரு கொடி: மோசெல் சரிவு சொல்லும் பாடம்



சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டுப் பலகை கொண்டுபோனோமே, ஞாபகம் இருக்கா? கீழே போட்டா படக்குன்னு ஏடு ஏடாகப் பிளந்துபோகும். அந்தக் கல்லே நிலமாக இருந்தால் எப்படியிருக்கும்? மண் என்று சொல்ல ஒரு பிடிகூடக் கண்ணில் படாது. அதுவும் சமதளம் இல்லை, வீட்டுக் கூரை மாதிரி நிற்கிற மலைச்சரிவு. "இதுல என்னய்யா விளையும்?" என்றுதான் கேட்கத் தோன்றும்.

ஜெர்மனியில், மோசெல் ஆற்றங்கரையில், இந்தக் கல்லில் ரோமானியர் காலத்திலிருந்து திராட்சை விளைகிறது. ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை. பெரும்பாலும் சின்னச் சின்னக் குடும்பத் தோட்டங்கள். அந்தத் திராட்சை ஒயினாகத்தான் போகிறது. நாம் இங்கே குடியைப் பற்றிப் பேச வரவில்லை, கொடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அந்தச் சரிவில் இயற்கை வழி உழவு செய்கிறவர்கள் எதை வைத்து மண்ணைக் காப்பாற்றுகிறார்கள், எங்கே இடறுகிறார்கள், எது அவர்களைத் தோட்டத்தை விட்டே ஓட வைக்கிறது? இதுதான் இந்த இதழின் பாடம்.

ஆறும் சரிவும்

மோசெல் ஆறு பிரான்சு நாட்டின் வோஜ் மலைகளில் பிறந்து, லக்சம்பர்க் எல்லையைத் தொட்டு, ஜெர்மனிக்குள் ட்ரியர் நகரைத் தாண்டி, கோப்லென்ஸில் ரைன் ஆற்றோடு கலக்கிறது. ட்ரியருக்குக் கீழே ஆறு நேராகப் போகாது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து மலையை அறுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கரை செங்குத்தாக நிற்கும், எதிர்க்கரை தாழ்ந்து தட்டையாக இருக்கும்.

இந்தப் பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 பாகை வடக்கே இருக்கிறது. திராட்சைக்கு அது கடுங்குளிர் நாடு. சூரியன் தெற்கே சாய்ந்தேதான் போகும். ஆகவே தெற்குப் பார்த்த சரிவுதான் பொன்னான நிலம். சாய்ந்து வருகிற வெயில் அந்தச் சரிவில்தான் நேராக விழும். கீழே ஓடுகிற ஆற்றுநீர் கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த காற்றும் சரிவில் தேங்காமல் கீழே இறங்கிவிடும்.

100 அடி தள்ளிப் போனால் 30 அடிக்கு மேல் ஏறுகிற நிலத்தைத்தான் ஜெர்மனியில் 'செங்குத்துத் தோட்டம்' என்று கணக்கில் எடுக்கிறார்கள். மோசெல் தோட்டங்களில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு அப்படிப்பட்டவை. பிரெம் என்ற ஊரில் கால்மொன்ட் என்று ஒரு சரிவு இருக்கிறது. சில இடங்களில் அது 60 பாகை சாய்வைத் தொடுகிறது. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் அது ஒன்று. ஏணி சாத்தியது மாதிரி. அதில் நின்றுகொண்டுதான் கவாத்து, களை, அறுவடை எல்லாம்.

கல்லே மூடாக்கு

நம்ம இதழில் மூடாக்கு பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். சருகு, வைக்கோல், கரும்புச் சோகை என்று மக்குகிற பொருள்களைத்தான் நாம் நினைப்போம். மோசெலில் கல்லையே மூடாக்காகப் பயன்படுத்துகிறார்கள்.

அங்குள்ள சிலேட்டுப் பாறை ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடலடிச் சேறாகப் படிந்து, பிறகு அழுந்தி இறுகியது. ஏடு ஏடாகப் பிளக்கிற குணம் அதற்கு அப்படித்தான் வந்தது. வெயிலிலும் பனியிலும் அது தகடுகளாக உடைந்து சரிவு முழுக்கப் பரவிக் கிடக்கும். இந்தத் தகடுகள் செய்கிற வேலையைப் பாருங்க:

1. கறுத்த கல் பகல் வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். குளிர்நாட்டில் காய் பழுக்க இது பெரிய உதவி.

2. மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது. ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற தகடுகளில் பட்டு, வேகம் குறைந்து, இடுக்கு வழியாக உள்ளே இறங்கும்.

3. அடியில் இருக்கிற ஈரம் சீக்கிரம் ஆவியாகாது.

4. கல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கனிமச்சத்தைத் தரும். கொடியின் வேர் பாறை வெடிப்புக்குள் பல அடி ஆழம் இறங்கித் தண்ணீரைத் தேடிக்கொள்ளும்.

இதெல்லாம் தானாக நடந்துவிடாது. ஆண்டுக்கு ஆண்டு கல் பொடியும், மழையில் சரியும். அந்தக் காலத்தில் உழவர்கள் மலையிலிருந்து புதிய சிலேட்டை வெட்டி வந்து தோட்டத்தில் பரப்பினார்கள். கீழே வழிந்த மண்ணைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள். எருவும் அப்படித்தான் ஏறியது. ஆகவே அந்தச் சரிவில் கிடக்கும் மண், தலைமுறை தலைமுறையாகச் சுமந்து ஏற்றிய மண்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கல் மூடாக்கு மக்கு தராது. சிலேட்டு நிலத்தில் கரிமச்சத்து மிகக் குறைவு. அதனால் இயற்கை வழி உழவர்கள் கல்லுக்கு மேலே இன்னொரு வேலையும் செய்கிறார்கள். மட்கு உரம் போடுகிறார்கள், வைக்கோல் பரப்புகிறார்கள், வரிசை இடைவெளியில் தீவனப் பயறு, குளோவர் மாதிரிப் பசுந்தாள் பயிர்களை வளர்க்கிறார்கள். கோடையில் தண்ணீருக்குக் கொடியும் பசுந்தாளும் போட்டிபோடும். அதனால் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் மட்டும் விதைப்பது, வறட்சி தெரிந்ததும் பசுந்தாளை வெட்டியோ மடக்கியோ படுக்கப் போடுவது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. கல்லும் வேண்டும், மக்கும் வேண்டும். ஒன்று போதும் என்று இருந்துவிட முடியாது.

ஏன் ரீஸ்லிங்?

இடத்துக்கு ஏற்ற ரகம் என்று நாம் சொல்கிறோம் இல்லையா, அதற்கு ரீஸ்லிங் நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் பெயர் எழுத்தில் முதன்முதலாக வருவது 1435-இல், மைன் ஆற்றங்கரை ரூஸ்ஸல்ஸ்ஹைம் ஊரின் கணக்கு ஒன்றில். மோசெல் பக்கம் 1465-இல் ட்ரியர் நகர மருத்துவ அறச்சாலை ஒன்றின் கணக்கில் வருகிறது. 1787-இல் ட்ரியரை ஆண்ட கிளெமென்ஸ் வென்ஸெஸ்லாஸ், தரம் குறைந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல ரகங்களை நட வேண்டும் என்று ஆணை போட்டார். அதற்குப் பிறகுதான் ரீஸ்லிங் அங்கே வேகமாகப் பரவியது.

அந்தக் கொடியின் தண்டு கடுங்குளிரைத் தாங்கும். பழம் சின்னது, புளிப்பு தூக்கல். மெதுவாகப் பழுக்கும். வளமான நிலத்தில் வைத்தால் தழைத்துக் கொட்டும், ஆனால் சுவை நீர்த்துப்போகும். வறண்ட சிலேட்டில் கஷ்டப்பட்டு வளர்ந்தால்தான் குணம் வரும்.

இன்னொரு செய்தி. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸீரா என்னும் வேர் அசுவினி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. எதிர்ப்புசக்தி உள்ள அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் மற்ற இடங்களில் திராட்சையைக் காப்பாற்றினார்கள். களிமண் வெடிப்புகளில் எளிதாக நகர்கிற அந்தப் பூச்சி, கல் நிறைந்த சரிவில் அவ்வளவு சுலபமாகப் பரவவில்லை. அதனால் மோசெலில் சில தோட்டங்களில் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கிற, நூறு ஆண்டு தாண்டிய கொடிகள் இன்றும் காய்க்கின்றன. புதிதாக நடுவதில் பெரும்பாலானவை ஒட்டுச்செடிதான். இருந்தாலும் பழைய கொடிகளை வெட்டாமல் வைத்திருப்பவர்கள் விதைப்பெட்டகம் காப்பவர்கள் மாதிரி.

ஒரு கொடிக்கு ஒரு கம்பு

சமவெளித் தோட்டத்தில் கம்பி கட்டி வரிசையாகக் கொடியை ஏற்றுவார்கள், டிராக்டர் நடுவில் போகும். செங்குத்துச் சரிவில் பழைய முறை வேறு. ஒவ்வொரு கொடிக்கும் தனியாக ஒரு கம்பு. கம்பி கிடையாது. ஏன்? கம்பி இருந்தால் வரிசையோடு மேலேயும் கீழேயும்தான் நடக்க முடியும். கம்பி இல்லாவிட்டால் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், கொடிக்குக் கொடி நடந்து போகலாம். ஏறி இறங்குகிற மூச்சு மிச்சம்.

ஆண்டு வேலை இப்படிப் போகும். சனவரி முதல் மார்ச் வரை கவாத்து. ஒவ்வொரு கொடியிலும் இரண்டு நல்ல கிளைகளை மட்டும் விட்டு மற்றதை வெட்டுவார்கள். மார்ச் கடைசியில், காற்றில் ஈரம் இருக்கிற நாள் பார்த்து, அந்த இரண்டு கிளைகளையும் ஆளுக்கொரு பக்கம் வளைத்துக் கீழே கட்டுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் இதயவடிவம் மாதிரித் தெரியும். காய்ந்த நாளில் வளைத்தால் கிளை முறிந்துபோகும். கட்டுவதற்கு அந்தக் காலத்தில் ஆற்றங்கரை வில்லோ மரத்தின் இளங்குச்சிதான் கயிறு.

ஏப்ரலில் துளிர்க்கும். அப்போதுதான் பயம் பிடிக்கும். மே மாதம் 11 முதல் 15 வரை வருகிற சில புனிதர்களின் நாள்களை அங்கே 'பனிப் புனிதர்கள்' என்கிறார்கள். அந்த நாள் தாண்டினால்தான் உறைபனி பயம் போகும் என்பது ஊர்ப் பேச்சு. 2024 ஏப்ரல் கடைசி வாரத்தில் அப்படியொரு உறைபனி வந்து மோசெல் பகுதியில் பல தோட்டங்களின் துளிரைக் கருக்கிவிட்டது. துளிர் முன்பைவிடச் சீக்கிரமே வருகிறது, உறைபனியோ பழைய நேரத்துக்கே வருகிறது. பருவநிலை மாற்றம் தருகிற அடி இப்படியும் இருக்கிறது.

சூனில் பூக்கும். கோடை முழுக்கக் களை, கட்டு, நோய் கவனிப்பு. முன்பெல்லாம் அக்டோபர் கடைசி, நவம்பர் என்று நீளும் அறுவடை இப்போது பல ஆண்டுகளில் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. 2019 சூலையில் ஜெர்மனியில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டியபோது காய்கள் வெயிலில் வெந்தன. முன்பு காய்க்கு வெயில் பட வேண்டும் என்று இலை கிள்ளியவர்கள், இப்போது நிழலுக்காக இலையை விட்டுவைக்கிறார்கள்.

அறுவடை கையால்தான். பெரிய உதவி என்றால் ஒற்றைத் தண்டவாளப் பல்சக்கர வண்டி. ஜப்பானில் ஆரஞ்சுத் தோட்டச் சரிவுகளுக்காக உருவானது இந்த முறை. மோசெலில் ஆளையும் கூடையையும் மேலே ஏற்ற அது ஓடுகிறது. சரிவின் உச்சியில் விஞ்சு வைத்து, இரும்புக் கயிற்றால் கலப்பையை இழுக்கிற முறையும் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கங்க.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். எந்திரம் ஓடும் சமதளத் தோட்டத்துக்கு ஆண்டுக்கு ஒரு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 250 மணி நேர வேலை. செங்குத்துத் தோட்டத்துக்கு 1,200 மணி நேரம். மோசெல் நிலவரத்துக்கு இது மிகைப்படுத்திய எண் இல்லை.

சரிவில் ஹெக்டேருக்கு 5,000 லிட்டர் கிடைக்கிறது என்போம். முக்கால் லிட்டர் பாட்டிலில் அடைத்தால் சுமார் 6,660 பாட்டில். 1,200 மணி நேரத்தை நிமிடமாக்கி வகுத்தால், ஒரு பாட்டிலுக்குத் தோட்ட வேலை மட்டும் ஏறக்குறைய 11 நிமிடம். சமதளத்தில் 10,000 லிட்டர், 13,330 பாட்டில். ஒரு பாட்டிலுக்கு ஒரு நிமிடம் சொச்சம்.

ஜெர்மனியில் 2025-இல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. அப்படியென்றால் சரிவுப் பாட்டிலுக்குத் தோட்டக் கூலியே 2 யூரோ 30 காசுக்கு மேல். சமதளப் பாட்டிலுக்குக் கால் யூரோ. இதற்கு மேல் பாட்டில், மூடி, நிலவறை வேலை, வரி, போக்குவரத்து எல்லாம் வரும். பெருங்கடைகளில் மூன்று நான்கு யூரோவுக்கே ஒரு பாட்டில் கிடைக்கிற சந்தையில் சரிவுக்காரர் எப்படி நிற்பார்?

களைக்கொல்லி எப்படி உள்ளே நுழைந்தது என்று இப்போது புரிகிறது இல்லையா? ஏணியில் நின்று மண்வெட்டி போடுவதற்குப் பதில் ஒரு தெளிப்பில் முடிந்துவிடும். 1,200 மணி நேரத்தில் ஒரு பெரிய துண்டு மிச்சமாகும். உழவர் சோம்பேறி என்பதால் அது வரவில்லை. கூலி கட்டாத விலைதான் அதைக் கொண்டுவந்தது. ஆனால் களை செத்து வெறுமையான சரிவில் ஒரு கனமழை அடித்தால், பாட்டன் சுமந்து ஏற்றிய மண் ஆற்றுக்குப் போய்விடும். மிச்சம் பிடித்த கூலியை மண்ணாகக் கொடுத்த கதை.

நோயும் தாமிரமும்

இயற்கை வழிக்கு மாறியவர்களின் பெரிய தலைவலி அடிச்சாம்பல் நோய். நம்ம கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைக்காரர்களைக் கேட்டால் தெரியும், அதே நோய்தான். சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவை. 1885 வாக்கில் பிரான்சில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைக் கண்டுபிடித்தார்கள். இன்றும் இயற்கை வழித் திராட்சைக்கு அடிச்சாம்பலுக்குத் தாமிரம், சாம்பல் நோய்க்குக் கந்தகம் என்பதுதான் அடிப்படை.

ஆனால் தாமிரம் மக்கிப்போகிற பொருள் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு மண்ணில் சேரும், மண்புழுவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு மொத்தம் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஜெர்மனியின் இயற்கை வேளாண் சங்கங்கள் ஆண்டுக்கு 3 கிலோ என்று இன்னும் இறுக்கிப் பிடிக்கின்றன. மழை விடாமல் பெய்த 2016, 2021 மாதிரி ஆண்டுகளில் இந்த வரம்புக்குள் நின்று காப்பாற்றுவது பெரும்பாடு. செங்குத்துச் சரிவில் மழை நின்றதும் ஓடிப்போய்த் தெளிக்கவும் முடியாது, கால் வழுக்கும்.

'இயற்கை வழின்னா எல்லாம் நல்லது' என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். மயில்துத்தத்தை நாமும் பயன்படுத்துகிறோம். எத்தனை கிலோ போட்டோம் என்று யாராவது எழுதி வைக்கிறோமா? அவர்கள் வைக்கிறார்கள். அதோடு காற்று நுழையும்படி இலை கிள்ளுவது, அளவோடு காய் விடுவது, பயோடைனமிக் முறைக்காரர்கள் குதிரைவால் செடிக் கஷாயம் தெளிப்பது என்று பல வழிகளைச் சேர்த்துப் பிடிக்கிறார்கள். நோய் எதிர்ப்புள்ள புது ரகங்களும் வந்துவிட்டன. ரீஸ்லிங்கை விட்டு அதற்குப் போவதா என்பது அங்கே ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற வாக்குவாதம்.

பக்கத்துத் தோட்டம் உன் தோட்டம்தான்

மோசெலில் நிலம் துண்டு துண்டாக இருக்கிறது. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு ஆட்சியில் வந்த சட்டப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு. பல தலைமுறை பிரித்ததில் ஒரு குடும்பத்துக்குப் பல சரிவுகளில் சின்னச் சின்னத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நல்லதும் கெட்டதும் வேலி தாண்டி வரும்.

நல்லதுக்கு ஒரு எடுத்துக்காட்டு. திராட்சைக்குலையைத் துளைக்கும் அந்துப்பூச்சிக்கு அங்கே பெரும்பாலும் மருந்தே அடிப்பதில்லை. பெண் பூச்சியின் இனக்கவர்ச்சி மணம் அடைத்த சின்னக் குப்பிகளை ஹெக்டேருக்குச் சுமார் 500 வீதம் கொடிகளில் தொங்கவிடுகிறார்கள். நம்ம இனக்கவர்ச்சிப் பொறி மாதிரி ஆண் பூச்சியைப் பிடிப்பது இல்லை இது. எங்கே பார்த்தாலும் பெண் வாசனை அடிப்பதால் ஆண் பூச்சி குழம்பிப்போய், சேர்க்கையே நடக்காது. ஆனால் ஒருத்தர் மட்டும் தொங்கவிட்டால் பயன் இல்லை, சரிவு முழுக்க வேண்டும். அதனால் இயற்கை வழிக்காரரும் ரசாயனக்காரரும் ஒரே நாளில் ஒன்றாக இறங்கித் தொங்கவிடுகிறார்கள். கொள்கையில் சண்டை இருந்தாலும் அந்த வேலையில் சண்டை இல்லை.

கெட்டதுக்கும் எடுத்துக்காட்டு உண்டு. விலை கட்டாமல் ஒருவர் தோட்டத்தைக் கைவிட்டுப் போனால், கவாத்து இல்லாத கொடி புதராக மண்டும். அங்கே நோய் குடியேறும். 2000-களின் தொடக்கத்தில் மோசெலில் கருப்பழுகல் நோய் தலைதூக்கியபோது, கைவிட்ட தோட்டங்கள்தான் அதன் நாற்றங்காலாக இருந்தன. காட்டுப்பன்றிக்கும் அதுவே மறைவிடம். தாமிரத்தை அளந்து தெளிக்கிற இயற்கை வழிக்காரருக்குத்தான் அதில் முதல் அடி.

கல்கட்டுகளும் அப்படித்தான். காரை பூசாமல், கல்லோடு கல்லை அடுக்கிக் கட்டிய படிச்சுவர்கள் சரிவைத் தாங்குகின்றன. இடுக்கில் பல்லி ஓணான் வகைகள் வாழும், சதைப்பற்றுள்ள சின்னப் பாறைச்செடி முளைக்கும். அந்தச் செடியைத் தின்று வளர்கிறது அப்பொல்லோ என்ற அரிய வண்ணத்துப்பூச்சி. மோசெலுக்கே உரிய அதன் துணையினத்துக்கு வின்னிங்கன் ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். செங்குத்துச் சரிவுகளில் ஹெலிகாப்டரில் பூசணக்கொல்லி தெளிப்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் வான்வழித் தெளிப்பைப் பொதுவாகத் தடைசெய்தபோதும், இப்படிப்பட்ட சரிவுகளுக்கு விலக்கு தர இடம் வைத்தது. இயற்கை வழித் தோட்டக்காரர் தன் துண்டுக்கு மேல் அது விழாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்க. இப்போது ட்ரோன் வந்து, துண்டு துண்டாகப் பிரித்துத் தெளிக்க வழி பிறந்திருக்கிறது.

விலைக்கதை: 1843 முதல்

மோசெல் உழவர் துயரம் புதிது இல்லை. ட்ரியரில் 1818-இல் பிறந்த ஒருவர், 1843 சனவரியில் 'ரைன்லாந்துச் செய்தித்தாள்' ஒன்றில் மோசெல் திராட்சை உழவர்களின் வறுமையைப் பற்றித் தொடர் கட்டுரை எழுதினார். சுங்க எல்லைகள் திறந்ததும் தெற்கத்தி ஒயின் வந்து குவிந்து விலை விழுந்தது, வரி மட்டும் குறையவில்லை, உழவர் குறையைச் சொன்னால் அதிகாரிகள் காதில் வாங்கவில்லை என்பதுதான் விஷயம். அந்தப் பத்திரிகையை அரசு அதே ஆண்டு மூட வைத்தது. எழுதியவர் பெயர் கார்ல் மார்க்ஸ். பொருளாதாரத்தின் பக்கம் தன்னைத் தள்ளியவற்றில் இதுவும் ஒன்று என்று பின்னாளில் அவரே சொன்னார்.

பிறகு நல்ல காலமும் வந்தது. 1868-இல் பிரஷ்ய அரசு வரிக்காகத் தோட்டங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. 1900 வாக்கில் மோசெல் ரீஸ்லிங்கின் விலை பிரான்சின் பேர்போன ஒயின்களோடு போட்டிபோட்டது. மறுபடி சறுக்கியது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 1971 ஒயின் சட்டம் தரத்தைப் பழச்சாற்றின் இனிப்பை வைத்து அளந்தது. தட்டை நிலத்து விளைச்சலும் புகழ்பெற்ற சரிவூரின் பெயரைப் போட்டு விற்க வழிவிட்டது. மலிவான இனிப்பு ஒயின் உலகமெங்கும் போனது, பெயர் கெட்டது, விலை விழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த மோசெல் தோட்டப் பரப்பு இன்று 9,000-க்கும் கீழே. போனதில் பெரும்பங்கு உழைப்பு அதிகம் கேட்கிற சரிவுகள்.

மீட்பவர்கள்

எல்லாரும் விட்டுவிடவில்லை. பியூண்டரிஷ் என்ற ஊரில் கிளெமென்ஸ் புஷ், ரீட்டா புஷ் தம்பதி 1980-களிலிருந்து இயற்கை வழியில் ரீஸ்லிங் வளர்க்கிறார்கள். ஊர் ஒரு கரையில், அவர்களின் மரியன்பர்க் சரிவு எதிர்க்கரையில். 2005 முதல் பயோடைனமிக் முறை, நாம் அறிந்த கொம்புச் சாண உரம் உட்பட. கைவிட்டுப் புதர் மண்டிய படிகளையும் திருத்தி மறுபடி நட்டிருக்கிறார்கள். ஒரே சரிவில் நீலச் சிலேட்டு, சாம்பல் சிலேட்டு, செஞ்சிலேட்டு என்று கல் மாறும் இடங்களைப் பிரித்துத் தனித்தனிப் பெயரில் விற்கிறார்கள். இதில் ஒரு விற்பனைப் பாடமும் இருக்கிறது. 'இது ரீஸ்லிங்' என்று விற்றால் சமதளக்காரரின் விலைதான் கிடைக்கும். 'இது இந்தக் கல்லில், இந்தச் சரிவில் கையால் விளைந்தது' என்று விற்றால்தான் 11 நிமிடக் கூலி திரும்ப வரும்.

டிராபென்-டிரார்பாக் பகுதியில் சில உழவர்கள் சேர்ந்து 'மிகச் சின்ன வளையம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கைவிடப்பட இருந்த பழைய செங்குத்துத் தோட்டத்தை எடுத்து, எல்லாரும் சேர்ந்து வேலை செய்து, விளைந்ததை 'மலை மீட்பு' என்ற பெயரில் விற்கிறார்கள். இயற்கை வழித் திராட்சை உழவர்களின் சங்கமான எக்கோவின் 1985-இல் தொடங்கியது. மாநில அரசும் செங்குத்துச் சரிவு உழவுக்கு மானியம் தருகிறது. இன்னொரு பக்கம், மேலிருந்து கீழாக ஓடிய வரிசைகளை மாற்றி, சமமட்டக் கோட்டில் குறுக்குப் படிகள் வெட்டுகிறார்கள். கொடிகளின் எண்ணிக்கை குறையும், ஆனால் சின்ன எந்திரம் ஓடும், மழைநீர் நிற்கும், படி ஓரத்தில் பூச்செடிகள் நிற்கும்.

பாடச் சுருக்கம்

• மூடாக்கு எந்தப் பொருளாகவும் இருக்கலாம். நிலத்தில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி வெளியே எறியும் முன், அது என்ன வேலை செய்கிறது என்று பாருங்க.

• இயற்கை இடுபொருளுக்கும் அளவு உண்டு, குறிப்பாகத் தாமிரத்துக்கு. எழுதி வையுங்க.

• பூச்சியும் நோயும் வேலி பார்க்காது. பக்கத்து உழவர் ரசாயனக்காரராக இருந்தாலும் பேசிச் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள் உண்டு.

• களைக்கொல்லியை விடுவது என்றால் அந்த உழைப்பை மறுபடி கையில் எடுப்பது. அந்த உழைப்புக்கு விலை கிடைக்கும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணைக் காத்தவர்தான் முதலில் வெளியேறுவார்.

குழுக் கூட்டத்தில் பேச

1. உங்கள் விளைபொருள் ஒரு கிலோவுக்கு எத்தனை நிமிட உழைப்பு போகிறது? வீட்டுப் பெண்களின் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டீர்களா?

2. உங்கள் ஊரில் கைவிட்ட நிலம் எவ்வளவு? அதனால் பக்கத்து நிலத்துக்கு என்ன நடக்கிறது?

3. ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரே நாளில் செய்தால் மட்டுமே பலன் தரும் வேலை எது? அதை யார் கூப்பிட்டால் எல்லாரும் வருவார்கள்?

முதல் கேள்விக்கான கணக்கைப் போட்டவர்கள் நமக்கு எழுதி அனுப்புங்க. வரும் இதழ்களில் பயிர் வாரியாகப் பேசுவோம்.